தகடு வலப்பக்கம்

மெஷின் டார்ச் முதன்முதலாக எரிந்த நேரத்தில் என் வலது கை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா, மக்களே? காற்றைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது. டார்ச் மேசைக்கு மேலே கிளாம்பில் நட்டுக்குத்தலாக நிற்கிறது. நான் நன்றாகத் தள்ளி, கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நிற்கிறேன். ஆனாலும் என் ஆள்காட்டி விரல் இல்லாத ஒரு விசையை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஆதிரா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அவள் உருண்டு புரண்டு சிரித்திருந்தாலும் கோபம் வந்திருக்காது.

நீங்கள் எல்லோரும் நேரே மெஷினில் வந்து இறங்கியவர்கள். கையில் டார்ச் பிடித்து ப்ளாஸ்மா நெருப்பால் இரும்புத் தகடு வெட்டியவர்கள் உங்களில் ஒன்றிரண்டு பேர் இருந்தால் அதிசயம். கை டார்ச்சுக்கும் மெஷின் டார்ச்சுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கேட்லாக்கில் இருப்பதை ஒப்பிப்பீர்கள். அதன் கழுத்து வளைந்திருக்கும், இது நேராக இருக்கும். அது தகட்டில் உரசிக்கொண்டு போகும், இது தொடாமல் கொஞ்சம் மேலே நிற்கும். அதற்கு விசை உண்டு, இதற்குக் கம்ப்யூட்டர்தான் விசை. எல்லாம் சரி. ஆனால் பெரிய வித்தியாசம் கேட்லாக்கில் கிடையாது. கை டார்ச் பிடிக்கும்போது டார்ச்சும் நீங்களும் ஒரே பக்கம் பார்த்து நடக்கிறீர்கள். மெஷின் டார்ச் வந்ததும் நீங்கள் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிற ஆளாகிவிடுகிறீர்கள். இந்த ஒரு விஷயம் புரிவதற்காக எங்கள் பட்டறையே ஒரு பகல் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டது. என் பிழைப்பு அன்றைக்கு அந்தரத்தில் தொங்கியது.

பட்டறை கரமனைப் பாலம் தாண்டி இருந்தது. முதலாளி ஹரிஹரன் சார், வலியசாலை அக்ரகாரத்துக்காரர். நான் தாணு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, திருவனந்தபுரத்திலேயே குடித்தனம் ஆகிப்போனவன். சார் தொழிலில் கெட்டிக்காரர், பக்தியில் அதைவிடக் கெட்டி. புதிதாக ஒரு டிரில் பிட் வாங்கினால்கூட, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பிரிப்பார். "பிட் உடையறதுக்கு முன்னாடி தேங்கா உடையட்டுமே ஓய், என்ன நஷ்டம்?" என்பார்.

கம்ப்யூட்டர் சொல்கிறபடி டார்ச்சை நகர்த்துகிற மெஷின் மேசை வேண்டும் என்று அவரை நச்சரித்தது நான்தான். உற்பத்தி கூடும், சேதாரம் குறையும் என்றெல்லாம் அவரிடம் சொன்னேன். உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. என் வலது தோள் போய்விட்டது. காலையில் சட்டை போட கையைத் தூக்கினால் உயிர் போகும். கை டார்ச்சைப் பிடித்துக் குனிந்து ஒரு தகடு வெட்டி முடித்தால், சாயங்காலம் சோற்றைப் பிசைய இடது கையைத் தேடுவேன். இது தெரிந்தவள் என் மனைவி வள்ளியம்மை மட்டும்தான். ராத்திரி எண்ணெய் தேய்க்கும்போது திட்டிக்கொண்டே தேய்ப்பாள். அவளுடைய அண்ணனுக்குச் சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கடை. "ஒண்ணாந்தேதி முதக்கொண்டு மச்சான் கோடவுன்ல வந்து இருக்கட்டும்" என்று அவர் சொல்லியாகிவிட்டது. நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே என்ன வேலை? மூட்டை வந்தால் பார்க்க வேண்டும், மூட்டை போனால் பார்க்க வேண்டும். ஆயுசெல்லாம் நெருப்பைப் பார்த்த கண்ணுக்கு அது ஜெயில். மெஷின் வந்தால் வேலை போய்விடும் என்று ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்தபோது, மெஷின் வராவிட்டால் வேலை போய்விடுமே என்று பயந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

சார் ஒருவழியாக இறங்கி வந்தார். எங்களிடம் இருந்த ப்ளாஸ்மா மெஷினில் இரண்டு டார்ச்சையும் மாற்றி மாற்றி மாட்டலாம். மேசை மட்டும் போதும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி மேசையைப் பரீட்சைக்கு அனுப்பியது. கூடவே பிரபு என்ற எஞ்சினியரும் வந்தார். நல்ல சுறுசுறுப்பான பிள்ளை, சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு காலில் செருப்பைக் கழற்றாமல் உட்காருவார். பேச்சு இதுதான்: முதல் ஆர்டரை ஒழுங்காக வெட்டிக் காட்டினால் மேசை எங்களுக்கு. இல்லையென்றால் அன்று சாயங்காலம் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போகும் லாரியில் ஏற்றிவிட வேண்டும்.

முதல் ஆர்டர் ஒரு பம்பு நிலையத்துக்கு. குழாயையும் குழாயையும் இணைக்கும் வட்டத் தகடுகள், நாம் ஃப்ளாஞ்ச் என்கிறோமே, அது. பன்னிரண்டு எம்எம் கனம். நடுவில் ஒரு பெரிய ஓட்டை. அதற்குள் குழாய் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அதுதான் பரீட்சை. இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் பம்பு ஓட வேண்டும் என்று அவர்கள் தினமும் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் படம் போட்டது ஆதிரா. ஸ்ரீவராகத்துப் பெண், டிப்ளமா முடித்து எங்களிடம் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். பதற்றம் வந்தால் மலையாளம்தான் முதலில் வரும். அன்று காலை சார் நெற்றி நிறைய விபூதியோடும், கையில் உடைத்த தேங்காயின் மூடியோடும் வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"ஆதிரா, இந்த அம்புக்குறியெல்லாம் என்னதாக்கும்?"

"டார்ச் எந்தப் பக்கம் சுத்தும்னு காட்டுது சார். வெளிவட்டம் ரைட் சைடு சுத்தும். ஓட்டை லெஃப்ட் சைடு."

"இடப்பக்கமா? மொதல் வேலை அப்பிரதட்சிணமாவா தொடங்கறது? எல்லாம் பிரதட்சிணமா மாத்து. ஒண்ணுகூட மாறிப் போகப்படாது, கேட்டியா?"

"செரி சார்" என்று அவள் மாற்றிவிட்டாள். எந்தப் பக்கம் சுற்றினால் என்ன, வட்டம் வட்டம்தானே என்று அவள் நினைத்தாள். பக்கத்தில் நின்ற நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தது போதாதென்று கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன். பிரபு அந்த நேரம் மெஷினுக்குப் பின்னால் குனிந்து ஒயர் இணைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு எதுவும் அவர் காதில் விழவில்லை.

டார்ச் எரிந்தது. அடடா, மக்களே! நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு போகும் தூரத்தை அது அலட்சியமாகச் சுற்றி வந்தது. ஓட்டை முடிந்தது, வெளிவட்டம் முடிந்தது, தகடு கீழே விழுந்தது. வெளி விளிம்பைத் தடவிப் பார்த்தேன். அரம் போடவே வேண்டாம். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தியும் விட்டேன். சார் கைகூப்பினார்.

அப்புறம் குழாய்த் துண்டை எடுத்து ஓட்டைக்குள் விட்டோம். பாதி போய் நின்றுவிட்டது.

ஓட்டையின் விளிம்பு நேராக இல்லை. மேலே அகலம், கீழே ஒடுக்கம், உள்பக்கமாகச் சரிந்து கிடந்தது. பிரபு டார்ச்சின் நுனியில் இருக்கிற நாசிலை மாற்றினார். அடுத்த தகட்டிலும் அதே கதை. டார்ச்சின் உயரத்தைக் குறைத்தார். வேகத்தைக் குறைத்தார், பிறகு கூட்டினார். வெளிவட்டம் ஒவ்வொரு தடவையும் அருமையாக வந்தது, ஓட்டை ஒவ்வொரு தடவையும் சரிந்தே வந்தது. மூலையில் கெட்டுப்போன தகடுகள் சேர்ந்துகொண்டே போயின. மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிரபுவின் முகம் வாடிப்போனது. "இப்படி ஆனதே இல்லைங்க, சத்தியமாங்க" என்று ஒரே பாட்டு.

கடைசியில் சார் எழுந்துவிட்டார். "போறும் பிரபு. லாரி வந்ததும் ஏத்திடும்." பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஓய் தாணு, உம்ம கை இருக்கறப்போ எனக்கு மேசை எதுக்காக்கும்? எல்லாத்தையும் நீரே அறுத்துக் குடுத்துடும். இந்த ஊர்ல உம்ம கைக்கு ஈடு உண்டா?"

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படி எல்லோர் முன்னாலும் புகழ்ந்ததில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆகட்டும் சார்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவர் புகழ்ந்தது எந்தக் கையை? சட்டை போட முடியாத கையை. அந்த ஆர்டர் முழுவதையும் அந்தக் கையால் வெட்டினால், ஒன்றாந்தேதி வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியிருக்காது. தொழிலில் திட்டு வாங்கும்போது நாமெல்லாம் உஷாராகத்தான் இருக்கிறோம். பாராட்டு வரும்போதுதான் யோசிக்காமல் தலையாட்டிவிடுகிறோம். எனக்கு எப்படியோ அன்றைக்கு நாக்கு நின்றது.

"ஒண்ணு அறுக்கேன் சார். ஒண்ணே ஒண்ணு. கைக்கு வாறது மெஷினுக்கு ஏன் வரமாட்டேங்குன்னு பாப்போம். பொறவு பேசிக்கிடலாம்" என்றேன்.

பிரபு மெயின் சுவிட்சை அணைத்தார். அதில் மட்டும் அந்தப் பிள்ளையிடம் சமரசமே கிடையாது. எத்தனை அவசரமானாலும் மின்சாரத்தை நிறுத்தாமல் டார்ச்சைக் கழற்ற விடமாட்டார். நீங்களும் விடாதீர்கள். மெஷின் டார்ச்சைக் கழற்றி, கை டார்ச்சை மாட்டி, தகட்டில் உரசிப் போவதற்கான மூடியைப் போட்டு, வட்டம் வெட்டும் காம்பஸையும் பொருத்திக் கொடுத்தார். நான் கண்ணாடியை இறக்கிக்கொண்டு விசையை இழுத்தேன்.

மேசையைச் சுற்றி நடந்துகொண்டே வெட்ட வேண்டும். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். எதிரே ஆதிரா, கண்ணாடி மாட்டிக்கொண்டு வழியை மறித்து நிற்கிறாள்.

"தள்ளு மக்கா, தள்ளு!"

அவள் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். நான் போகிற பக்கமே நகர்ந்தாள். மறுபடியும் கத்தினேன். கடைசியில் அவள் சுவரோடு ஒட்டிக்கொள்ள, ஒருவழியாக வட்டத்தை முடித்தேன். தோள் எரிந்தது. குழாய்த் துண்டை ஓட்டையில் வைத்தோம். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

சார் கைதட்டினார். ஆதிரா கைதட்டவில்லை. அவளுக்குக் கோபம். "அண்ணாச்சி எந்தினா என்டெ நேரெ வந்தது? மெஷின் அங்கோட்டல்லே போயது! அதான் நான் இங்க நின்னேன். நீங்க எதுக்க வந்தா நான் எங்க போறது?"

"நான் எந்தப் பக்கம் வந்தேன்?"

அவள் விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள். இடப்பக்கமாக. மெஷின் போனதற்கு நேர் எதிராக.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ வருஷமாக ஓட்டை வெட்டுகிறேன். எந்தப் பக்கம் நடக்கிறேன் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. நேராக வெட்டும்போது எனக்குத் தெரியும்: ப்ளாஸ்மா சுழன்றுகொண்டு வருவதால், டார்ச் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்க விளிம்பு நேராக வரும், இடது கைப்பக்கம் சரிந்து போகும். அதனால் வேண்டிய துண்டை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, கழிவை இடப்பக்கம் விடுவோம். ஓட்டை வெட்டும்போதும் தகடு வலப்பக்கம் இருக்கும்படி கால் தானாகவே போயிருக்கிறது. வெளியே நின்று வேடிக்கை பார்த்தபோது அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. மெஷின் டார்ச்சுக்கு முகமும் இல்லை முதுகும் இல்லை, அது எந்தப் பக்கம் பார்த்துப் போகிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

பிரபு துள்ளிக் குதித்தார். "டைரக்‌ஷனை யாருங்க மாத்தினது? சாஃப்ட்வேர் தானாவே ஓட்டையை லெஃப்ட்லதானுங்க போடும்! அது தப்பா இருக்கும்னு நான் யோசிக்கவே இல்லைங்க!"

ஆதிரா சாரைப் பார்த்தாள். "நான்தான் மாத்தச் சொன்னேன். அதுக்கென்ன இப்போ?" என்றார் சார்.

பிரபு விளக்கினார். காற்று சுழல்வதைக் கையால் சுழற்றிக் காட்டினார். பேப்பரில் படம் போட்டார். சார் மசியவில்லை. "சுழலட்டும், சுழலாமப் போகட்டும். பிள்ளையாருக்குத் தேங்கா உடைச்சுட்டு வந்து அப்பிரதட்சிணமா வேலை தொடங்க நான் சம்மதிக்க மாட்டேன். மேசையே வேண்டாம். ஏத்தும்." வாசலில் லாரி வந்து நின்றுவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. காரணம் கைக்குக் கிடைத்துவிட்டது, ஒரு அம்புக்குறியைத் திருப்பினால் போதும், அதற்குப் போய் இந்த மனுஷர் அடம்பிடிக்கிறாரே! பிரபுவுக்கும் காது சிவந்துவிட்டது. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். ஒரு மனுஷனின் நம்பிக்கையை முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டு அவரிடம் சம்மதம் கேட்க முடியுமா? நான் பிரபுவின் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு, சாக்பீஸை எடுத்தேன். பட்டறைத் தரையில் பெரிதாக ஒரு வளையம் போட்டேன்.

"சார், ஒரு சின்ன காரியம். இந்த வளையம் தகடு. நீங்க டார்ச். வெளியில நில்லுங்க. பிரதட்சிணம் வரும்போ சாமி எந்தப் பக்கம் இருக்கும்?"

"வலப்பக்கம். இது தெரியாதா எனக்கு?"

"தகடுதான் சாமி. வலப்பக்கம் வச்சுக்கிட்டு சுத்துங்க பாப்போம்."

என்னை ஒரு முறை முறைத்தார். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். கை தானாகக் கூப்பிக்கொண்டது. அழகான பிரதட்சிணம்.

"இப்போ உள்ள வாங்க. வளையத்துக்கு உள்ள. ஓட்டை வெட்டணும். அப்பவும் நமக்கு வேண்டியது தகடுதானே? வலப்பக்கம் வச்சுக்கிட்டே நடங்க."

உள்ளே வந்தார். கோட்டுக்கு இடது கையைக் காட்டிக்கொண்டு, வெளியே சுற்றிய பழக்கத்தில் அதே பக்கம் இரண்டெட்டு வைத்தார்.

"சார், தகடு இடது கைப்பக்கம் இருக்கே."

நின்றார். திரும்பினார். கோட்டை வலது கைப்பக்கம் கொண்டுவந்து நடந்தார். ஒரு சுற்று முழுசாக நடந்து, தொடங்கிய இடத்தில் வந்து நின்றார். லாரி டிரைவர்கூட உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

"ஓய், நான் இடப்பக்கமா சுத்தியிருக்கேன்."

"ஆமா சார். சாமி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

இன்னொரு சுற்று நடந்தார், இந்தத் தடவை கைகூப்பிக்கொண்டு, மெதுவாக. முடித்துவிட்டு ஆதிராவைப் பார்த்தார். "உள்ளே நிக்கறவாளுக்கு இதாக்கும் பிரதட்சிணம். அம்பைத் திருப்பு."

ஆதிரா ஓடினாள். பிரபு மெயினை அணைத்து, கை டார்ச்சைக் கழற்றி, மெஷின் டார்ச்சை மாட்டி, மூடியை மாற்றி, உயரத்தைச் சரிபார்த்தார். இத்தனை அவசரத்திலும் ஒரு நட்டைக்கூட அரைகுறையாக விடவில்லை. டார்ச் எரிந்தது. இந்தத் தடவை நான் மனசுக்குள் அந்த வளையத்துக்குள் இறங்கி நின்றுகொண்டேன். நீலச் சுடருக்குப் பின்னால் நானும் நடந்தேன், தகடு என் வலது கைப்பக்கம். நடுத்துண்டு கீழே விழுந்தது. வெளிவட்டம் முடிந்தது. தகடு ஆறும்வரைகூடக் காத்திருக்காமல் இடுக்கியால் தூக்கி வைத்தோம். குழாய்த் துண்டைச் சார்தான் எடுத்தார். ஓட்டையின் மேல் வைத்துக் கையை விட்டார்.

அது நிற்கவே இல்லை. நேரே போய்த் தரையில் இடித்தது. நாங்கள் போட்ட சத்தம் கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். ஆதிரா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள், தோள் வலித்தது, நான் சொல்லவில்லை. சார் லாரி டிரைவரிடம் போய், "உமக்கு இங்கே ஏத்த ஒண்ணும் இல்லை. டீ குடிச்சுட்டுப் போம்" என்றார்.

மெஷினில் நிற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். வெளியே நின்று பார்க்கும்போது எல்லா வட்டமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஏதாவது சரிந்து வந்தால், நாசிலைத் திட்டுவதற்கு முன் டார்ச் இருக்கிற இடத்தில் ஒரு நிமிஷம் நீங்கள் போய் நின்று பாருங்கள். ஆளிடம் தகராறு வந்தாலும் அதேதான், அவர் நிற்கிற இடத்தில் நின்று பாருங்கள். அந்த மேசையில்தான் ரிட்டயர் ஆகிற நாள்வரைக்கும் வேலை பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வள்ளியம்மை கதவைத் திறந்தாள். லாரி வருகிற நாள் என்று அவளுக்குத் தெரியும். நான் வாசலிலேயே நின்று சிரித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் போனை எடுத்தாள்.

"அண்ணா, கோடவுனுக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுங்க. இவிய வரமாட்டாவ. ஆமா... வேலை இருக்கு இவியளுக்கு."

பேச்சு முடியும்வரை அவள் குரல் தெளிவாகவே இருந்தது. போனை வைத்த பிறகுதான் அழுதாள்.